போன வழியே திரும்பும் கணக்கு

ஜொகூரில், கூலாய்க்கு வடக்கே லாயாங் லாயாங் போகும் வழியில் இருக்கிறது செடெனாக். முன்பு பால்மரம், பிறகு செம்பனை, இப்போது தோட்டங்களை ஒட்டித் தரவு மையங்கள். ஊரின் தொழில் மாறிக்கொண்டே வந்தாலும் தண்டவாளம் மாறவில்லை. 1909-இல் ஜொகூர் ரயில்பாதை திறந்த காலத்திலிருந்து வடக்கே போகும் ரயில் எல்லாம் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை சுமார் 192 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதையும் மின்கம்பியும் போட்டு முடித்த பிறகு, 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்ரயிலும் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. செடெனாக்கில் அது நிற்பதில்லை. ஏற வேண்டுமானால் கூலாய்க்குப் போக வேண்டும்.

செடெனாக்காரர் ஒருவர் கையில் ஒரு ரயில் பாஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே விலை, குறிப்பிட்ட நாட்கள், எந்த ரயிலிலும் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம். அவர் பார்க்க நினைப்பவை: கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்குக்குப் படகேறும் பட்டர்வொர்த், பூஜாங் பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டிய சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார்; கிழக்கே கோலாலிப்பிஸ், குவா மூசாங், கடைசியில் தும்பாட். ஒன்பது ஊர்களையும் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது?

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஒன்பது ஊர்களை வரிசைப்படுத்த 3,62,880 வழிகள் உண்டு. வலம் போவதும் இடம் போவதும் ஒரே தூரம் என்பதால் பாதியைக் கழித்தாலும் 1,81,440 மிஞ்சும். ஊர்களின் எண்ணிக்கையைப் பதினான்காக்கினால் அது 4,358 கோடியைத் தாண்டிவிடும். கணிதத்தில் இதற்குப் பயண விற்பனையாளர் புதிர் என்று பெயர். 1954-இல் அமெரிக்காவில் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூவர் 49 நகரங்களுக்கு மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடித்து, அதைவிடக் குறுகியது இருக்கவே முடியாது என்றும் நிரூபித்தார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. எவ்வளவு பெரிய பட்டியலைக் கொடுத்தாலும் விரைவாகச் சரியான விடை தரும் பொதுவான முறை இன்றுவரை கிடைக்கவில்லை.

செடெனாக்காரருக்குக் கணினி தேவையில்லை. மலேசியத் தீபகற்பத்தின் ரயில்பாதை அவருக்காகக் கணக்கை முன்பே போட்டு வைத்திருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். சின்னக் கிளைகளை விட்டுவிட்டால், மொத்தப் பாதையும் கவண் செய்ய வெட்டிய கவட்டைக் கம்பு மாதிரி இருக்கும். கிம்மாஸில் மூன்று கைகள் சேருகின்றன. தெற்கே ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். வடக்கே கோலாலம்பூர், ஈப்போ வழியாகத் தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாருக்குச் சுமார் 700. கிழக்கே காடு வழியாகத் தும்பாட்டுக்குச் சுமார் 525. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவக் குறுக்குவழி கிடையாது. கணிதக்காரர்கள் இப்படிப்பட்ட அமைப்பை மரம் என்பார்கள்: கிளைகள் உண்டு, ஆனால் எங்கும் வளையம் இல்லை.

மரத்தில் ஓர் எளிய உண்மை உண்டு. எந்த இடத்திலாவது தண்டவாளத்தை ஒரு துண்டு எடுத்துவிட்டால் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். துண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டுமானால் அந்தத் துண்டை இரண்டு முறையாவது கடந்தே ஆக வேண்டும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. ஆக எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிட்டாலும் மொத்தத் தூரம் பாதை நீளத்தின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்காது. அதே சமயம் ஒரு கையில் நுழைந்தால் அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த கைக்குப் போவது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மடங்குக்கு மேலும் போகாது. வடக்குக் கையை முதலில் பார்த்தாலும் கிழக்கை முதலில் பார்த்தாலும் கிலோமீட்டர் ஒன்றுதான். ஈப்போ, அடுத்து தும்பாட், மறுபடி தைப்பிங் என்று தாவினால்தான் தூரம் வீங்கும். அப்படி யாரும் போகப் போவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சாலையோ தண்டவாளமோ இல்லாமல் வெறும் புள்ளிகளாக ஊர்களைக் கொடுத்தாலும், கணிதக்காரர்கள் முதலில் செய்வது ஒரு கற்பனை மரம் வரைவதுதான். எல்லா ஊர்களையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் மரத்தை வரைந்து, அதன் ஓரமாகவே சுற்றி வந்து, ஏற்கெனவே பார்த்த ஊர்களைக் குறுக்காகத் தாண்டிவிட்டால், கிடைக்கும் சுற்று உண்மையான மிகச் சிறந்த சுற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்று நிரூபித்துவிடலாம். 1976-இல் கிறிஸ்டோஃபிடிஸ் என்பவர் அந்த இரண்டு மடங்கை ஒன்றரை மடங்காகக் குறைத்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கும் மேலாக யாராலும் அந்த ஒன்றரையை அசைக்க முடியவில்லை. 2020-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் அசைத்தார்கள். எவ்வளவு? தசமப் புள்ளிக்குப் பின் 35 சுழியம் போட்டு அதன் பின் ஒரு 1 எழுதினால் எவ்வளவோ, அவ்வளவு. துறையே கொண்டாடியது. இந்த உற்சாகத்தை வெளியாளுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம்தான்.

மலேசிய ரயில்பாதை என்ற மரம் தானாக முளைத்ததல்ல. மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. பதின்மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. வெட்டியெடுத்த ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அடுத்த சில வருடங்களில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம், சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன், தாப்பாவிலிருந்து தெலுக் அன்சன் என்று தனித்தனித் துண்டுகள். எல்லாம் சுரங்கத்திலிருந்து கடலுக்கு. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மக்கள் போய் வர வேண்டும் என்று யாரும் யோசித்துப் போட்டதில்லை. பிறகுதான் இந்தத் துண்டுகளைக் கோத்து நெடுக ஒரு முதுகெலும்பு போட்டார்கள். 1909-இல் ஜொகூர் பாதை முடிந்ததும் அது தெற்கு முனையைத் தொட்டது. 1923-இல் ஜொகூர் பாலத்தின்மேல் ரயில் சிங்கப்பூருக்குள் போனது. முதலில் போட்ட கிளைகள் பல பின்னால் வெட்டுப்பட்டுவிட்டன. போர்ட் வெல்ட், போர்ட் டிக்சன், தெலுக் அன்சன் மூன்றுக்கும் இன்று பயணிகள் ரயில் கிடையாது. தண்டவாளம் போட்டதில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பு. நிலையத் தலைவர் நாற்காலிகளிலும் எழுத்தர் மேசைகளிலும் யாழ்ப்பாணத்தார் நிறைய உட்கார்ந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ் முகம் கொண்டதற்கு அங்கிருந்த ரயில்வே குடியிருப்புகள் ஒரு பெரிய காரணம்.

கிழக்குக் கை 1931-இல்தான் முழுமை பெற்றது. பத்து வருடத்தில் போர் வந்தது. ஜப்பானியர் அந்தப் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்து, தண்டவாளத்தைச் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைப் போர் முடிந்தபின் திரும்பப் போட முடிந்தது. 1950-களின் தொடக்கத்தில் கிழக்குப் பாதை மீண்டும் முழுதாக ஓடியது. போன ஆட்களில் மிகப் பலர் திரும்பவில்லை.

இந்த மரத்துக்கு ஒரு வளையமும் கிட்டத்தட்ட உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தும்பாட் பாதையில் பாசிர் மாஸிலிருந்து ரந்தாவ் பாஞ்சாங் வழியாக ஒரு சின்னக் கிளை எல்லையைத் தாண்டித் தாய்லாந்தின் சுங்கை கோலோக் வரை போகிறது. அங்கிருந்து ஹாட்யாய்க்கு ரயில் இருக்கிறது. ஹாட்யாயிலிருந்து பாடாங் பெசாருக்கும் ரயில் இருக்கிறது. ஆக கிம்மாஸ், தும்பாட் பக்கம், ஹாட்யாய், பாடாங் பெசார், கோலாலம்பூர், மறுபடி கிம்மாஸ் என்று ஒரு பெரிய வட்டம் வரைபடத்தில் தெரிகிறது. ஆனால் கிழக்கு எல்லையில் பயணிகள் ரயில் நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. வட்டத்தில் விட்டுப்போனது அந்தச் சிறிய துண்டு மட்டும்தான். இருந்தும் கணிதத்துக்கு அது போதும், வட்டம் மரமாகிவிடுகிறது.

இதையே தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். சென்னையில் ஏறித் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோயம்புத்தூர், சேலம் என்று சுற்றி வந்து சென்னையிலேயே இறங்கலாம். ஒரு கிலோமீட்டரைக்கூட இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. இந்தியன் ரயில்வே இதற்கென்றே சுற்றுப்பயணச் சீட்டு என்று ஒன்றை வைத்திருக்கிறது. புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். நடுவில் எட்டு ஊர்கள் வரை இறங்கிப் பார்க்கலாம். கட்டணம் போடும் விதம் சுவாரசியமானது. இந்திய ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும். சுற்றுப்பயணச் சீட்டில் மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீளமான பயணங்களாகக் கணக்கிடுவார்கள். ஊருக்கு ஊர் தனித்தனிச் சீட்டு எடுத்தால் ஒவ்வொன்றும் குறுந்தூர விலையில் விழும். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சுற்றுப்பயணச் சீட்டு கணிசமாக மலிவு. விளம்பரம் இல்லாததால் இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. வெளிநாட்டார் வாங்கிய இன்ட்ரெயில் பாஸ் வேறு வகை. 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

மர வடிவப் பாதையில் சுற்றுப்பயணச் சீட்டுக்கு வேலையில்லை, சுற்றே கிடையாது. அங்கே உதவுவது பாஸ்தான். திரும்பி வரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஏற்கெனவே காசு கொடுத்துப் பார்த்த கிலோமீட்டர். தனிச்சீட்டு அதற்கு மறுபடியும் காசு கேட்கும், பாஸ் கேட்காது. எந்த ஊரில் இறங்குவது என்ற கணக்கையும் அது மாற்றிவிடுகிறது. எப்படியும் இரண்டு முறை கடக்கப் போகிறோம் என்றால் எல்லா ஊர்களையும் போகும்போதே பார்த்து முடிக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக இறங்கலாம்.

போகும்போது ஈப்போவில் இறங்குவது. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த வெள்ளை நிலையக் கட்டடத்தைப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். கோலாலம்பூர் பழைய நிலையமும் அவர் கைவண்ணம்தான். தைப்பிங்கைத் தாண்டிப் போய்ப் பட்டர்வொர்த். அங்கே பினாங்கு முடிந்தபின் சுங்கைப் பட்டாணியைத் தாண்டி அலோர் ஸ்டார். திரும்பும்போது சுங்கைப் பட்டாணியில் இறங்கிப் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தக் கெடா மண்தான் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அதன்பின் தைப்பிங்; மலாயாவில் முதல் ரயில் ஓடிய ஊர். கடைசியில் கோலாலம்பூர், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பத்துமலை. இப்படிப் போனால் மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை. ஆனால் எல்லா ஊர்களையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சாக எழுநூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வரும் கொடுமை போய்விடுகிறது. முதுகு வலிக்காரர்களுக்குக் கணிதம் செய்யும் உதவி இது.

வீடு திரும்ப வேண்டிய அவசியமில்லாத வெளியூர்க்காரருக்குக் கணக்கு இன்னும் இனிமையானது. ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடிக்கலாம் என்றால், அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒருமுறை ஓடினால் போதும். மிச்சமிருக்கும் கையை மட்டும் இரண்டு முறை. எனவே நீளமான இரண்டு கைகளின் நுனிகளைத் தொடக்கமும் முடிவுமாக வைத்துக்கொள்வதே லாபம். தும்பாட்டில் தொடங்கிப் பாடாங் பெசாரில் முடித்தால் மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர். ஜொகூர் பாருவில் தொடங்கிப் பாடாங் பெசாரில் முடித்தால் சுமார் 1,940. ஒரே ஊருக்குத் திரும்பும் முழுச் சுற்று 2,800-ஐத் தாண்டும். பெரும்பாலான பயணிகள் விமானத்தில் வந்து கோலாலம்பூரில் இறங்கி, மரத்தின் நடுவிலிருந்து தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்குப்படி அதுதான் மிக மோசமான தேர்வு.

சரி, ரயில் நிறுவனம் ஏன் இப்படி ஒரே விலைக்கு வரம்பில்லாமல் விற்கிறது? ரயில் இருக்கை சேமித்து வைக்க முடியாத சரக்கு. இன்று காலை பத்து மணி ரயிலில் காலியாகப் போன இருக்கையை மாலையில் விற்க முடியாது. ஓட்டுநர் சம்பளம், மின்சாரம், பாதைப் பராமரிப்பு எல்லாம் பெட்டி நிறைந்தாலும் காலியானாலும் ஏறக்குறைய அதேதான். காலி இருக்கையில் கூடுதலாக ஒருவர் உட்காருவதால் ஆகும் செலவு மிகமிகக் குறைவு. அவரிடம் வாங்கும் பாஸ் காசு கிட்டத்தட்ட முழுதும் வரவு. 1959-இல் ஐரோப்பாவில் 13 நாட்டு ரயில்வேக்கள் சேர்ந்து யூரெயில் பாஸை ஐரோப்பாவுக்கு வெளியே வாழும் பயணிகளுக்கு விற்கத் தொடங்கியதன் பின்னணி இந்தக் கணக்குதான். 1972-இல் 21 வயதுக்குட்பட்ட ஐரோப்பிய இளைஞர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ் வந்தது. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மும் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 5, 10, 15 நாள் பாஸ்களை விற்றது. உள்ளூர்க்காரர்களுக்கு அது கிடையாது. அவர்கள் எப்படியும் சீட்டு வாங்கி ஏறுவார்கள் என்ற நம்பிக்கை.

இருக்கை காலியாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். பாஸ்காரர் உட்கார்ந்ததால் சீட்டு வாங்கத் தயாராக இருந்தவருக்கு இடமில்லாமல் போனால் நிறுவனத்துக்கு உண்மையான நட்டம். உலகத்து பாஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானில் 1982 முதல் விற்கும் செய்ஷுன் 18 சீட்டு சாதாரண ரயில்களுக்கு மட்டும், ஷின்கான்சென்னில் செல்லாது. ஜெர்மனி 2022 கோடையில் மாதம் 9 யூரோவுக்குப் பாஸ் விற்றபோதும் அதிவேக ரயில்களை விலக்கியே வைத்தது. மூன்றே மாதத்தில் 5 கோடிக்கு மேல் விற்றது. கடற்கரைக்குப் போகும் ரயில்களில் நிற்க இடமில்லை. கோலாலம்பூரில் மலேசியக் குடிமக்களுக்கு 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மை50 பாஸும் நகர ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும்தான். நின்றுகொண்டும் போக முடிகிற வண்டியில் பாஸ் தாராளமாகக் கிடைக்கும். இருக்கை எண் போட்டு விற்கிற வண்டியில் தாராளம் சுருங்கும். இடிஎஸ் இரண்டாம் வகை. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அதில் இடம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானின் புகழ்பெற்ற நாடு தழுவிய பாஸ் இந்த நெருக்கடியை விலையால் தீர்த்தது. 2023 அக்டோபர் வரை ஏழு நாளுக்கு 29,650 யென். தோக்கியோவிலிருந்து கியோத்தோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய போட்ட காசு வந்துவிடும். அந்த மாதம் அது 50,000 யென் ஆனது. ஒரே இரவில் பாஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு லட்சக்கணக்கானோரின் விடை மாறியது. பலர் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் செல்லும் சின்ன பாஸ்களுக்குத் தாவினார்கள். என்னைக் கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த வட்டார பாஸ்தான் எப்போதும் புத்திசாலித்தனம். நாடு தழுவிய பாஸ் வைத்திருப்பவர் காசைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற வெறியில் ரயிலிலேயே குடியிருப்பார்.

பாஸ் வாங்கிய கணத்தில் பணம் கணக்கிலிருந்து விலகி, அந்த இடத்தில் நேரம் வந்து உட்காருகிறது. கிலோமீட்டர் இப்போது இலவசம். மணி நேரம்தான் செலவு. இடிஎஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மேற்குப் பாதையில் எழுநூறு கிலோமீட்டர் சின்னத் தூரம். ஒற்றைத் தண்டவாளத்தில், டீசல் வண்டியில், எதிரே வருவதற்கு வழிவிட்டுக் காத்திருக்கும் கிழக்குப் பாதையில் ஐந்நூறு கிலோமீட்டர் பெரிய தூரம். நேரத்தை அளவுகோலாக வைத்து வரைபடத்தை மறுபடி வரைந்தால் கவட்டையின் கிழக்குக் கை நீண்டு, வடக்குக் கை சுருங்கிவிடும். போதாக்குறைக்கு ரயில் நினைத்த நேரத்தில் வருவதில்லை. ஒரு நிமிடம் தவறினால் அடுத்தது நாளைக்கு என்ற நிலை கிழக்கில் சாதாரணம். எனவே அட்டவணையோடு பாதை தேடும் கணினி, ஊரை ஒரே புள்ளியாக வைத்துக்கொள்வதில்லை. காலை எட்டு மணி கோலாலிப்பிஸ் ஒரு புள்ளி, மாலை நான்கு மணி கோலாலிப்பிஸ் இன்னொரு புள்ளி. ரயில் ஒவ்வொன்றும் ஒரு நேரப்புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பு. நிலையத்தில் காத்திருப்பதும் ஓர் அம்புதான்.

இந்த அம்புகளுக்குள் குறுகிய வழி கண்டுபிடிக்கும் முறையை டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-இல் யோசித்தார். ஆம்ஸ்டர்டாமில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் போகக் குறுகிய வழி எது என்று இருபது நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே போட்ட கணக்கு. காகிதம், பென்சில் இல்லை. வெளியிட்டது 1959-இல். இன்று கைப்பேசியில் வழி காட்டும் செயலிகள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது அதன் வாரிசுகள்தான்.

இரவு ரயில் இந்தக் கணக்கில் ஒரு சலுகை. ஜொகூர் பாருவுக்கும் தும்பாட்டுக்கும் இடையே ஓடும் ராக்யாட் திமூரான் வண்டியில் படுக்கை உண்டு. தூங்கும் நேரத்தில் தூரம் கரைகிறது. விடுதிச் செலவும் மிச்சம். அதற்கு விலையும் உண்டு. இருட்டில் போனால் டாபோங் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளும் காடும் கண்ணில் படாது. இங்கேயும் மரக் கணக்கு கை கொடுக்கிறது. எப்படியும் இருமுறை கடக்கும் பாதை. ஒருமுறை இரவில் தூங்கிக்கொண்டு, ஒருமுறை பகலில் நிலையத்துக்கு நிலையம் நிற்கும் உள்ளூர் வண்டியில் ஜன்னலோரம்.

மரம் இன்னும் சில காலத்தில் மரமாக இருக்காது. கோத்தா பாருவிலிருந்து குவாந்தான் வழியாகக் கோம்பாக் வந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்குக் கிழக்குக்கரை ரயில் இணைப்பு எழுந்துகொண்டிருக்கிறது; 2027 ஜனவரியில் பயணிகள் சேவையைத் தொடங்குவதாக அரசு அறிவித்திருக்கிறது. அது கேடிஎம்மின் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் அல்ல, 1,435 மில்லிமீட்டர் அகலம். ஒரு பாதையின் வண்டி இன்னொன்றில் ஏறாது. கோத்தா பாருவுக்கான கேடிஎம் நிலையமோ கிளந்தான் ஆற்றுக்கு அக்கரையில், வாக்காஃப் பாருவில் இருக்கிறது. ஆனாலும் பயணி ஆற்றைத் தாண்டி வண்டி மாறினால் வளையம் மூடிவிடும். கிழக்குக் கையை இரண்டு முறை ஓட வேண்டிய கட்டாயம் தீரும். வடக்கே கோலாலம்பூருக்கு மேலும் தெற்கே ஜொகூரிலும் தும்பாட் நுனியிலும் மட்டும்தான் போன வழியே திரும்ப வேண்டியிருக்கும். இரண்டு பாதைகளிலும் செல்லும் ஒரே பாஸ் என்று ஒன்று வருமானால், வசூலை எந்த விகிதத்தில் பிரிப்பது என்ற கணக்கை இரண்டு நிறுவனங்களும் உட்கார்ந்து போட வேண்டும். யூரெயில் 1959-இலிருந்து போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு அது.